மிராசு ஏன் கக்குகிறது

மகனே,

இதை யாரிடமும் காட்டாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். பெற்றவள் பிள்ளையின் காலைப் பிடிக்கலாமா என்று தெரியவில்லை, பயத்தில் எனக்கு முறையெல்லாம் மறந்துபோகிறது. முக்கியமாக உன் தாத்தாவிடம் காட்டாதே. உன் தாத்தா என்றால் என் அய்யா. இதை நீ படிக்கும்போது அவர் பல் போன கிழவராக, உன்னிடம் சிரித்துப் பேசுகிறவராகக்கூட இருப்பார். இருந்தாலும் காட்டாதே. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. முழுக்க எரிகிற வரைக்கும் அங்கேயே நின்று பார்.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே இப்போதுதான் ஒன்பதாம் வகுப்பு நடக்கிறது. பிறக்காத பிள்ளைக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்பாய். போன வாரம் தமிழ் டீச்சர் ஒரு பாடம் நடத்தினார்கள். வேலைக்கு வெளியூர் போன வளர்ந்த மகனுக்கு ஒரு அப்பா எழுதிய கடிதம். நேரில் சொல்ல வாய் வராததைக் கடிதத்தில் சொல்லலாம் என்றார்கள். எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது, ஆனால் எழுத ஆள் இல்லை. சிநேகிதிக்கு எழுதினால் அவள் அண்ணன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பான். யோசித்துப் பார்த்தேன். காட்டிக்கொடுக்க முடியாத ஆள் நீ ஒருவன்தான். மகள் என்று வைத்துக்கொள்ளாமல் மகன் என்று எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. நேரம் இருந்தால் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது நான் விதைக்கடலை மூட்டைகள் இருக்கும் உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறேன். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லித்தான் விளக்கை வாங்கி வந்தேன். கதவைத் தாழ்போட்டிருக்கிறேன். என் மடியில், என் பழைய பாவாடையில் கழுத்து வரை சுற்றப்பட்டு, மிராசு படுத்திருக்கிறான். மிராசு என்பது எங்கள் பூனை. செவலை நிறம், கடுவன். மூட்டைகளை எலி கடிக்கிறது என்று அய்யாதான் ஆலங்குடிச் சந்தைக்குப் போன இடத்திலிருந்து குட்டியாகத் துண்டில் போட்டுத் தூக்கி வந்தார். வளர்ந்த பிறகு அவன் மூட்டை மேல் ஏறிச் சாய்ந்துகொண்டு, எலி கீழே ஓடினாலும் அரைக்கண்ணால் பார்ப்பதைக் கண்டு, "இவன் என்னடா, மிராசுதார் மாதிரி குத்தகை நெல்லு வந்து சேரட்டும்னு உக்காந்திருக்கான்" என்று அய்யா சொன்னார். அன்றிலிருந்து அவன் மிராசு. அய்யா சாப்பிடும்போது இலைக்குப் பக்கத்தில் உட்காருகிற உரிமை எங்கள் வீட்டில் அவனுக்கு மட்டும்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அய்யா கெட்டவர் என்று நீ நினைத்துவிடக் கூடாது. விடிவதற்குள் மிராசைச் சாக்கில் கட்டப் போகிறவர் அவர்தான். நேற்று அதைச் சொல்லும்போது அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

நம் பக்கத்தில் பூனையைக் கொல்ல மாட்டார்கள். கொன்றால் பாவம் தலைமுறைக்கும் விடாது என்று பயம். அதனால் வேண்டாத பூனையைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டு வந்துவிடுவார்கள். தண்ணீரைத் தாண்டினால் அதற்கு வழி தெரியாது, திரும்பாது. யாருக்கும் பாவமில்லை. அறந்தாங்கிக்கு எங்கள் வண்டி விடிவதற்கு முன்னே கிளம்புகிறது. வெள்ளாற்றுக்கு அந்தக் கரையில் அவனை விடுவதாகப் பேச்சு. நல்ல பூனையாக இருந்தால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். மிராசின் வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கிலும் உதட்டின் உள்பக்கத்திலும் தோல் உரிந்து வெந்தது போல இருக்கிறது. அவனால் ஒரு ஓணானைக்கூடக் கடித்துத் தின்ன முடியாது. அவர்கள் கொல்ல மாட்டார்கள். அவன் செத்துப்போவான். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

உனக்கு ஒரு நாள் பூனை வாய்க்கலாம். அதனால் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள். பூனை கக்குவது பெரிய விஷயமில்லை. மிராசு சின்ன வயதிலிருந்தே கக்குவான். மீமிசல் கருவாடு சமைத்த அன்று தலையை முழுசாக விழுங்கிவிட்டு, திரும்புவதற்குள் அப்படியே முழுசாக வெளியே வைப்பான். அது அவசரம். அவனுக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொஞ்சமாகப் போட்டால் நின்றுவிடும். வெயில் காலத்தில் உடம்பெல்லாம் நக்கி நக்கி முடியை விழுங்கி, விரல் மாதிரி ஒரு சுருளைக் கக்குவான். அது முடி. தேங்காய் நாரால் தினமும் தேய்த்துவிட்டால் குறையும். அருகம்புல்லைத் தின்றுவிட்டுப் பச்சையாகக் கக்குவான், கக்கிவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போவான். அதை விட்டுவிடலாம். ஒரு முறை வெள்ளை நூல் போலப் பூச்சி வந்தது, அய்யா கால்நடை ஆஸ்பத்திரியில் மருந்து கேட்டு வாங்கி வந்தார். ஆனால் இந்த முறை வந்தது எதிலும் சேரவில்லை. வயிற்றில் ஒன்றுமில்லாதபோது கக்கினான். நுரையும் மஞ்சள் தண்ணீரும்தான் வந்தன. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு ஆசையாக வருவான், நாக்கை வைப்பான், சுட்டது போலப் பின்னால் போய்விடுவான்.

இது தொடங்கிய நேரம்தான் கெட்ட நேரம். ஆத்தா அப்போதுதான் என் தம்பியைப் பெற்றிருந்தாள். வெகு வருஷம் கழித்து வந்த ஆண் பிள்ளை. பிரசவத்துக்குத் துணையாக அய்யாவின் அக்கா, என் அத்தை, விராலிமலையிலிருந்து வந்திருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மிராசு கக்கும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய், அத்தை பார்ப்பதற்குள் சாம்பலைத் தூவி அள்ளிக் கொல்லையில் போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். பாவம் என்று பாலை வேறு ஊற்றினேன், அதற்குப் பிறகு இன்னும் கக்கினான். துடைப்பதற்கு முன்னால் என்ன வந்தது, எப்போது வந்தது, அதற்கு முன் எங்கே படுத்திருந்தான் என்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நீ முதலில் பார். அப்புறம் துடை.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவன் தம்பியின் தூளிக்கு அடியில் கக்கிவிட்டான். மறுநாளே தம்பியின் கையிலும் கழுத்திலும் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்பியது. அத்தை பார்த்தவுடன் அக்கி என்றார்கள். குயவரைக் கூப்பிட்டு, கொப்புளம் அடங்கட்டும் என்று காவியால் அக்கி எழுதினார்கள். தம்பியின் குட்டிக் கையில் செங்காவிச் சிங்கம் எழுதியிருந்தது. அவன் விடாமல் அழுதான். அழுகையில் வியர்த்து, அந்தச் சிங்கம் முழங்கை வரைக்கும் வழிந்தது.

"பூனை கக்குன எடத்துலதான் புள்ளை தொங்குது. அதுல பட்ட காத்துதான் இது" என்றார்கள் அத்தை.

"விடு அக்கா, வாயில்லாத ஜீவன்" என்றார் அய்யா.

"வாயில்லாத ஜீவனா? ராத்திரி பூரா கக்குறதுக்கு மட்டும் வாய் எங்கிருந்துப்பா வருது?"

அய்யாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஆத்தா சிரிக்கவில்லை. தூளியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏத்தா, இனிமே அவனை இங்கிட்டு விடாத. எனக்குக் குலை நடுங்குது" என்றாள் என்னிடம். ஆத்தாவின் பயம் எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே பயம்தான். தம்பி தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று நானும் விரலை வைத்துப் பார்த்தேன். மிராசு ஒழிந்தால் தம்பி பிழைப்பான் என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் நானே சாக்கைப் பிடித்திருப்பேன் போலிருந்தது. இதை நான் உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

எனக்கு உண்மை தெரிந்தது என் காலில். பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்றால் மிராசு என் கெண்டைக்காலில் கன்னத்தைத் தேய்ப்பான். அவனுடைய பழக்கம் அது. ஒரு நாள் அப்படித் தேய்த்த இடத்தில் மறுநாள் அரிப்பு. அதற்கு அடுத்த நாள் கொப்புளம், தோல் கறுத்து உரிந்தது. பாவாடையை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டேன். எனக்கும் அக்கி என்றால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். அன்று சாயங்காலம் அய்யாவுக்குச் சோறு போட்டபோது அவர் விரல்களைப் பார்த்தேன். வலது கை விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. ரசத்தில் விரல் பட்டதும் பல்லைக் கடித்தார். "என்னய்யா கையில?" என்றேன். "ஒண்ணுமில்லத்தா, கதவுக்கு எண்ணெய் போட்டேன்ல, அதான். வேலை செய்யுற கை, ஆறிரும்" என்றார்.

அந்த எண்ணெய் எது என்று சொல்கிறேன். இந்த உள்ளறையின் கதவையும் நிலையையும் கரையான் அரித்துக்கொண்டே இருந்தது. முந்திரிக்கொட்டை வறுக்கும்போது அதன் தோலிலிருந்து கறுப்பாக ஒரு எண்ணெய் வடியும். அதைப் பூசினால் கரையான் அண்டாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் பூசுவார்கள். ஆத்தா பிரசவத்துக்குப் படுத்த அதே வாரத்தில் அய்யா ஒரு தகரக் குவளையில் அதை வாங்கி வந்து, குச்சியில் துணி சுற்றிப் பூசினார். காயாமல் பிசுபிசுவென்று இருந்தது. போதவில்லை என்று அதன் மேலேயே இன்னொரு பூச்சும் போட்டார். மிராசு எங்கே தேய்க்காமல் இருந்தாலும் இந்தக் கதவு நிலையில் தேய்க்காமல் உள்ளே வர மாட்டான். இது அவன் மாளிகை. விளக்கைக் கிட்டே வைத்து அவன் கன்னத்தைப் பார்த்தேன். செவலை முடி பழுப்பாக ஒட்டிக் கிடந்தது. முகர்ந்தால் அதே வாடை. உடம்பில் எது பட்டாலும் பூனை நக்கித்தான் சுத்தம் செய்யும். நக்கினான், வாய் வெந்தது, உள்ளே போனது, கக்கினான். மறுபடியும் வந்து தேய்த்தான். மறுபடியும் நக்கினான். கக்கியதற்காக நாங்கள் அவனை அடித்தோம்.

முந்திரி உடைக்கிற நாளில் ஆத்தா கையில் என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். எண்ணெய் பட்டால் வெறும் தண்ணீரில் கழுவ மாட்டாள். தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்து, தவிட்டால் உருவி எடுத்துவிட்டு, அப்புறம்தான் கழுவுவாள். அதையே மிராசுக்கும் செய்தேன். முதலில் என் கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டேன். அவன் கன்னம், கழுத்து, தோள் எல்லாம் தடவி, தவிட்டால் துடைத்து, வெதுவெதுப்பான வடிகஞ்சியில் கழுவி, துணியால் ஒற்றினேன். என்னைப் பிறாண்டினான், நான் சத்தம் போடவில்லை. நக்காமல் இருக்கப் பாவாடையில் சுற்றிவிட்டேன். சாப்பாடு எதுவும் வைக்காமல் கொஞ்ச நேரம் வயிற்றுக்கு ஓய்வு விட்டேன். பிறகு ஆறின தண்ணீரை விரலில் தொட்டுத் தொட்டு உதட்டோரம் வைத்தேன். அது தங்கியதும் உப்பில்லாத கஞ்சித்தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக. நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் வயிற்று வலி என்று பொய் சொல்லிவிட்டு வந்து இதைச் செய்தேன். அதற்குப் பிறகு அவன் கக்கவில்லை. இப்போது வரைக்கும் கக்கவில்லை. ஒவ்வொரு முறை அவன் வயிறு அசையும்போதும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன்.

இதை அய்யாவிடம் சொல்லிவிட்டால் போதுமே என்று நினைப்பாய். நானும் நினைத்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது பக்கத்தில் போய் நின்றேன். "என்னத்தா?" என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். மறுபடி அவர் வண்டிக்கு மசகு போடும்போது போய் நின்றேன். அத்தை பார்த்துவிட்டார்கள். "என்ன, பெரிய மனுஷி பஞ்சாயத்துக்கு வந்திருக்காளா? பூனைக்கு வக்கீலா? இதுக்குத்தான் பொம்பளப் புள்ளைக்கு ஒம்பதாவது வரைக்கும் போதும் போதும்னு சொல்றேன், யாரு கேக்குறா" என்றார்கள். அய்யா என்னைப் பார்த்தார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்காக மட்டும் நான் பயப்படவில்லை, மகனே. இதைத்தான் நான் யாரிடமும் சொல்ல முடியாது. தம்பியின் உடம்பில் கொப்புளம் வந்தது மிராசால்தானா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவன் தூளித் துணியில் உரசியிருக்கலாம், உண்மைதான். ஆனால் தம்பிக்கு வந்த இடம் கையும் கழுத்தும். இரண்டாவது பூச்சுப் போட்ட அன்று சாயங்காலம் அய்யா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து தம்பியைத் தூக்கினார். கழுத்துக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, இன்னொரு கையால் அவன் குட்டிக் கையைப் பிடித்து ஆட்டி, "வாங்க மொதலாளி" என்று கொஞ்சினார். நான் அங்கேதான் நின்றேன். அவருக்கு எத்தனை வருஷ ஆசை அது. அந்தக் கையால்தான் வந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் பழி மிராசுக்கு. அது மட்டுமில்லை. மிராசு போன பிறகும் கதவு இங்கேதான் இருக்கும். அய்யா திரும்பவும் கதவைத் திறப்பார், திரும்பவும் தம்பியைத் தூக்குவார். அக்கி மறுபடி எழுதுவார்கள். அப்போது எதைச் சாக்கில் கட்டுவார்கள்?

அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். சாக்கு இந்த அறையில்தான் இருக்கிறது, வண்டி கட்டுவதற்கு முன்னால் அய்யா இங்கே வருவார். அப்போது அத்தை தூக்கத்தில் இருப்பார்கள். எப்படித் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அய்யா, பூனை மேல தப்பில்லை" என்றால், அப்புறம் யார் மேல் தப்பு என்று ஆகிவிடுகிறது. "அய்யா, நீங்க பூசுன எண்ணெய்" என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் நாக்கு எழவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வாக்கியம் அவரிடம் போய் விரலை நீட்டுகிறது. இப்போதுதான் ஒன்று தோன்றியது. "அய்யா, கதவைத் தொடாதீங்க, கை வெந்துரும்." அவ்வளவுதான். அதைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். ஏன் என்று அவர் கேட்பார். கேட்டால் என் காலைக் காட்டுவேன். வெட்கமாக இருந்தாலும் காட்டுவேன். அவர் விரலையும் என் காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அய்யாவுக்கே விளங்கிவிடும், நான் மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்காது. அப்படி விளங்காமல் போனால் என்ன செய்வேன் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது. அவனை வெளியே விட இந்த அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது.

மகன் என்று எழுதியதற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன் அல்லவா? நீ வளர்ந்து ஒரு நாள் ஒரு பெண்ணுக்கு அய்யாவாக இருப்பாய். உனக்கும் மூட்டைகள், வண்டி, கடன்காரர்கள், அழுகிற குழந்தை எல்லாம் இருக்கும். அவள் வந்து உன் பக்கத்தில் சும்மா நிற்பாள். என்னம்மா என்று கேட்பாய், ஒன்றுமில்லை என்பாள். அதோடு விட்டுவிடாதே. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை கேள். பக்கத்தில் யாராவது கேலி செய்தால் அவர்களை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டுக் கேள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் அய்யாவிடம் சொல்லியிருப்பேன். மசகு போட்டுக்கொண்டிருந்தபோது சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அவர் கேட்டது ஒரே ஒரு தடவை.

மாட்டின் மணி கேட்கிறது. யாரோ லாந்தரோடு நடையில் வருகிறார்கள், கதவிடுக்கில் வெளிச்சம் ஊர்கிறது. மிராசு தலையைத் தூக்கிக் காதைத் திருப்புகிறான். அவனுக்கு அந்தச் செருப்புச் சத்தம் தெரியும், அதைக் கேட்டால் எப்போதும் எதிர்கொண்டு ஓடுவான். இப்போதும் பாவாடைக்குள்ளிருந்து எழுந்திருக்கப் பார்க்கிறான். நான் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் இந்தக் காகிதத்தை

தட்டுகிறார். அய்யாதான். வெறுங்கையால் தட்டுகிறார்